தென்னாப்பிரிக்காவில் விசா தளர்கிறது, வேலை இறுகுகிறது

ஜோகன்னஸ்பர்கில் வேலை பார்க்கும் கோவைக்காரர் ஒருவரின் கேள்வி இது. இந்திய ஐ.டி. நிறுவனம் ஒன்று அவரை நிறுவன மாற்றல் விசாவில், இங்கே எல்லோரும் ஐ.சி.டி. என்று சொல்லும் விசாவில், அனுப்பி வைத்தது. அடுத்த ஆண்டோடு அதன் நான்கு வருடமும் முடிகிறது. அவர் போய் உட்கார்ந்து வேலை செய்யும் வாடிக்கையாளர் நிறுவனமோ, மாதம் 65,000 ராண்ட் தருகிறோம், எங்களிடமே சேர்ந்துவிடுங்கள் என்கிறது. பி.இ. படிப்பு, எட்டு வருட அனுபவம். "சட்டம் மாறிக்கொண்டே இருக்கிறது என்கிறார்கள். வெளிநாட்டுக்காரர்களுக்கு ஒதுக்கீடு வைத்து மிச்சப் பேரை அனுப்பிவிடுவார்கள் என்கிறார்கள். நம்பி இருக்கலாமா அண்ணா? என் மனைவி வங்கியில் ஆறு வருடம் இருந்தவர், அவரும் வேலைக்குப் போக முடியுமா?" இதுதான் கேள்வி.

தம்பி, மெல்ரோஸ் முருகன் கோவில் வாசலில் செருப்பு மாட்டிக்கொண்டே ஆளுக்கு ஒரு ஆலோசனை சொல்வார்கள். அதில் பாதி 2014க்கு முந்தைய சட்டம், மீதி வாட்ஸ்அப்பில் வந்தது. நான் ஹெச்.ஆர். பக்கம் இருந்து வெளிநாட்டு ஊழியர்களின் கோப்புகளோடு மல்லுக்கட்டுகிற ஆள். அந்தப் பக்கத்திலிருந்து தெரிவதைச் சொல்கிறேன்.

முதலில் ஒன்றைப் பிடித்துக்கொள்ளுங்கள். இங்கே மாறுவது ஒரு சட்டம் அல்ல, இரண்டு. குடிவரவுச் சட்டம் உள்துறையின் கையில் இருக்கிறது, நம் ஆட்கள் ஹோம் அஃபேர்ஸ் என்பார்கள். வேலைச் சட்டங்கள் தொழிலாளர் துறையின் கையில். கடந்த இரண்டு மூன்று வருடங்களாக இவை எதிரெதிர்த் திசையில் போகின்றன. உங்களைப் போன்ற படித்த, நல்ல சம்பளக்காரருக்கு உள்துறை கதவை அகலமாகத் திறக்கிறது. அதே நேரத்தில் நிறுவனத்துக்குள் உங்களை வைத்துக்கொள்வதையும் மேலே ஏற்றுவதையும் தொழிலாளர் துறை கடினமாக்குகிறது. எல்லோரும் முதலாவதைப் பற்றித்தான் பயப்படுகிறார்கள். உங்கள் வயதில், உங்கள் தொழிலில் இருப்பவர் இரண்டாவதைப் பற்றித்தான் அதிகம் யோசிக்க வேண்டும் என்பது என் எண்ணம்.

விசா கதையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். அடிப்படைச் சட்டம் 2002ஆம் ஆண்டு குடிவரவுச் சட்டம். பெரிய உலுக்கல் 2014 மே மாதம் வந்தது. அதுவரை விசிட்டராக வந்து, இங்கேயே வேலை தேடி, இங்கேயே பெர்மிட் மாற்றிக்கொண்டவர்கள் ஏராளம். அந்த வழி அடைபட்டது. கோட்டா பெர்மிட், அபூர்வத் திறமை பெர்மிட் இரண்டையும் எடுத்துவிட்டு கிரிட்டிக்கல் ஸ்கில்ஸ் விசாவைக் கொண்டுவந்தார்கள். காலாவதி ஆன பிறகும் தங்கினால் முன்பு அபராதம் கட்டிவிட்டுப் போகலாம். 2014க்குப் பிறகு 30 நாளுக்குள் என்றால் 12 மாதத் தடை, 30 நாளைத் தாண்டினால் 5 வருடத் தடை. ஓ.ஆர். டாம்போ விமான நிலையத்தில், ஊருக்குக் கல்யாணத்துக்குப் போகிற அவசரத்தில், இந்தத் தடைக் காகிதத்தைக் கையில் வாங்கியவர்கள் நம்மவர்களில் கொஞ்சம் பேர் அல்ல.

அதன் பிறகு நடந்தது சட்டத்தின் குற்றம் இல்லை, நிர்வாகத்தின் குற்றம். விண்ணப்பங்கள் மலை மாதிரி தேங்கின. 2024 ஜூலையில் லியோன் ஷ்ரைபர் உள்துறை அமைச்சராக வந்தபோது தேங்கிக் கிடந்தவை மூன்று லட்சத்துக்கும் மேல். அதில் பெரும்பகுதியை அந்த ஆண்டுக்குள்ளேயே தீர்த்துவிட்டதாகத் துறை அறிவித்தது. இடைப்பட்ட காலத்தில், விண்ணப்பம் நிலுவையில் இருப்பவர்கள் சட்டவிரோதமாகிவிடாமல் இருக்கச் சுற்றறிக்கை மேல் சுற்றறிக்கையாகச் சலுகையை நீட்டித்தார்கள். "சட்டம் மாறிக்கொண்டே இருக்கிறது" என்ற பேச்சு பாதி இதிலிருந்து வந்ததுதான். மாறியது சட்டம் அல்ல, சுற்றறிக்கையின் கடைசித் தேதி. விசா விண்ணப்பங்களை வாங்கும் வி.எஃப்.எஸ். மையம் தரும் ரசீது ஒன்றை மட்டும் நம்பி விமானம் ஏறாதீர்கள் என்று நான் எல்லோரிடமும் சொல்வதற்கும் காரணம் இதுதான். அன்றைக்கு நடப்பில் இருக்கும் சுற்றறிக்கை எந்தத் தேதி வரை, யாருக்கு, வெளியே போய்த் திரும்பி வர அனுமதிக்கிறதா என்று பார்த்துவிட்டுத்தான் டிக்கெட் போட வேண்டும்.

உண்மையான சட்ட மாற்றம் 2024 அக்டோபரில் வந்தது. வேலை விசாவுக்குப் புள்ளி முறை. 100 புள்ளி எடுத்தால் தகுதி. உங்களுக்கு இதை ஒரு தாளில் போட்டுப் பார்ப்போம்.

உங்கள் பதவி கிரிட்டிக்கல் ஸ்கில்ஸ் பட்டியலில் இருந்தால் அதற்கு மட்டுமே 100. கதை முடிந்தது. இல்லை என்று வைத்துக்கொண்டு கூட்டுவோம். படிப்பு: இந்திய பி.இ. பட்டத்தை சாக்வா அமைப்பு இந்த ஊர்த் தர வரிசையில் 7 அல்லது 8 என்று மதிப்பிட்டால் 30 புள்ளி. அனுபவம் ஐந்திலிருந்து பத்து வருடம் என்றால் 20. சம்பளம் ஆண்டுக்கு 6,50,796 ராண்டுக்கும் 9,76,194 ராண்டுக்கும் நடுவில் இருந்தால் 20. மாதம் 65,000 என்றால் ஆண்டுக்கு 7,80,000, ஆக உங்களுக்கு 20. ஆட்சி மொழிகளில் ஒன்று தெரிந்தால் 10, ஆங்கிலம் போதும். மொத்தம் 80. இருபது குறைகிறது.

அந்த இருபதை எங்கே பிடிப்பது? எம்.இ. இருந்து அதற்குத் தர வரிசையில் 9 கிடைத்திருந்தால் படிப்புக்கு 50, சரியாக நூறு வந்திருக்கும். அனுபவம் பத்தைத் தாண்டினால் 30, அப்போதும் 90தான், பத்தாது. சம்பளம் 9,76,194ஐத் தாண்டினால் 50 புள்ளி, மொத்தம் 110. அதாவது மாதம் சுமார் 81,400. இல்லை என்றால், உங்களை எடுக்கும் நிறுவனம் உள்துறையின் நம்பகமான முதலாளிகள் திட்டத்தில் சேர்ந்திருந்தால் அதற்கு 30, அப்போதும் 110. அதனால் சம்பளப் பேரம் பேசும்போது 65,000 என்ற எண்ணை விசாக் கணக்கோடு சேர்த்துப் பாருங்கள். வேறொரு நாட்டில் சம்பளம் உங்களுக்கும் கம்பெனிக்கும் நடுவிலான விஷயம். இங்கே அது தங்குகிற உரிமைக்குள்ளேயே வந்துவிட்டது.

மொழிக்கான அந்தப் பத்துப் புள்ளியைப் பற்றி ஒரு சின்ன விலகல். தென்னாப்பிரிக்க அரசியலமைப்புச் சட்டத்தின் 6ஆம் பிரிவில் தமிழ் பெயர் சொல்லிக் குறிப்பிடப்பட்டிருக்கிறது, மதிப்போடு பேணப்பட வேண்டிய மொழிகளில் ஒன்றாக. ஆனால் ஆட்சி மொழிகள் பன்னிரண்டில் அது இல்லை, அதனால் புள்ளியும் இல்லை. 1897இல், டர்பன் இருக்கும் நேட்டால் பகுதியின் அன்றைய அரசு கொண்டுவந்த குடிவரவுக் கட்டுப்பாட்டுச் சட்டத்தில் ஐரோப்பிய மொழி ஒன்றில் எழுதத் தெரியாதவர் இறங்க முடியாது. அதற்கு இரண்டு வருடம் முன்பு, 1895இல், ஒப்பந்தக் காலம் முடிந்த கூலித் தொழிலாளிக்கு மூன்று வழிதான் வைத்தார்கள்: ஊருக்குத் திரும்பு, மறுபடி ஒப்பந்தத்தில் சேர், இல்லாவிட்டால் வருடத்துக்கு மூன்று பவுண்ட் கட்டு. 1860 நவம்பர் 16 அன்று சென்னையிலிருந்து டர்பன் வந்த ட்ரூரோ கப்பலோடு தொடங்கிய வரவில், பின்னால் ஒப்பந்தத்தில் வந்தவர்கள் தலையில் விழுந்த வரி அது. போராடி 1914இல்தான் அதை எடுக்க வைத்தார்கள். இந்திய வம்சாவளியினர் தலைமுறைகளாக வாழும் சாட்ஸ்வொர்த்திலோ லெனேசியாவிலோ உள்ள ஒரு நாயுடு தாத்தாவிடம் போய் "இங்கே சட்டம் அடிக்கடி மாறுகிறது" என்று நீங்கள் புலம்பினால் அவர் சிரிப்பார். சரி, விஷயத்துக்கு வருவோம்.

கிரிட்டிக்கல் ஸ்கில்ஸ் பட்டியலை 2022 பிப்ரவரியில் புதிதாகப் போட்டார்கள், அதே ஆண்டிலும் 2023இலும் திருத்தினார்கள். மென்பொருள் டெவலப்பர், சிஸ்டம்ஸ் அனலிஸ்ட், டேட்டா சயின்டிஸ்ட், செக்யூரிட்டி ஸ்பெஷலிஸ்ட் எல்லாம் அதில் உண்டு. நம் ஐ.டி. ஆட்கள் தடுக்கி விழும் இடம் இதுதான், ஏனென்றால் அவர்கள் செய்வது டெவலப்பர் வேலை, காகிதத்தில் இருப்பது வேறு. இந்தியக் கம்பெனிக் கடிதங்களில் "அசோசியேட் கன்சல்டன்ட், நிலை 3" என்று போட்டிருப்பார்கள். அந்த வார்த்தையைப் பார்த்து ஒரு அதிகாரிக்கு எதுவும் புரியாது. பட்டியலில் உள்ளவை இந்த நாட்டின் தொழில் வகைப்பாட்டிலிருந்து எடுத்த பெயர்கள், ஒவ்வொன்றுக்கும் ஒரு குறியீட்டு எண் உண்டு. ஆஃபர் கடிதத்தில் அந்தப் பெயர், பணி விவரத்தில் அந்த வேலைகள், பழைய கம்பெனி கொடுக்கும் அனுபவக் கடிதத்தில் அதே வேலைகள், சாக்வா மதிப்பீடு, தொழில்முறை அமைப்பின் பதிவு. ஐந்தும் ஒரே ஆளைப் பற்றிப் பேச வேண்டும். நான்கு டெவலப்பர் என்று சொல்லி ஒன்று "புராஜெக்ட் கோஆர்டினேட்டர்" என்று சொன்னால் போச்சு.

பொறியாளருக்குப் பொறியியல் கவுன்சில், டாக்டருக்கு மருத்துவக் கவுன்சிலோடு சுகாதாரத் துறையின் ஒப்புதல் கடிதம், ஐ.டி.காரருக்கு ஐ.டி. தொழில்முறை நிறுவனம் என்று ஒவ்வொருவருக்கும் ஒரு வாசல் உண்டு. இந்த வாசல்களில்தான் மாதங்கள் போகும். ஹோம் அஃபேர்ஸில் அல்ல.

ஐ.சி.டி. விஷயத்தில் ஏமாந்துவிடாதீர்கள். அதிகபட்சம் நான்கு வருடம், புதுப்பிக்க முடியாது. நிரந்தர வசிப்புரிமைக்கு ஒரு வழி, வேலை விசாவில் ஐந்து வருடம் இருந்து நிரந்தர வேலைக்கான ஆஃபரையும் காட்டுவது. நான்கோடு முடிகிற விசா ஒன்றே உங்களை அங்கே கொண்டு சேர்க்காது என்பது கூட்டல் கணக்கு. "கம்பெனி பார்த்துக்கொள்ளும், நீட்டித்துவிடுவார்கள்" என்று மிட்ராண்டிலும் சன்னிங்ஹில்லிலும் கடைசி மாதம் வரை உட்கார்ந்திருந்துவிட்டு, பிள்ளையைப் பள்ளியின் நடு ஆண்டில் பிடுங்கிக்கொண்டு கிளம்பிய குடும்பங்களைப் பார்த்திருக்கிறேன். உங்களுக்கு ஒரு அனுகூலம், நீங்கள் விசிட்டர் அல்ல. உள்நாட்டிலிருந்தே வேறு வகைக்கு மாற விண்ணப்பிக்கலாம். விசா முடிய 60 நாள் இருக்கும்போதாவது விண்ணப்பம் உள்ளே போயிருக்க வேண்டும் என்பது விதி. ஆனால் மேலே சொன்ன வாசல்களை எண்ணினால் ஒரு வருடத்துக்கு முன்பே, அதாவது இப்போதே, தொடங்க வேண்டும். இன்னொன்று: வாடிக்கையாளரிடம் தாவக் கூடாது என்று உங்கள் இந்தியக் கம்பெனி ஒப்பந்தத்தில் எழுதியிருக்கிறதா என்பதை ஆஃபரில் கையெழுத்துப் போடும் முன் பாருங்கள்.

இனி இரண்டாவது சட்டம்.

அரசியலமைப்பில் அடுத்தடுத்து இரண்டு பிரிவுகள் இருக்கின்றன. 22ஆம் பிரிவு: தொழிலைச் சுதந்திரமாகத் தேர்ந்தெடுக்கும் உரிமை ஒவ்வொரு குடிமகனுக்கும் உண்டு. 23ஆம் பிரிவு: நியாயமான தொழிலாளர் நடைமுறைகளுக்கான உரிமை எல்லோருக்கும் உண்டு. முன்னது குடிமகனுக்கு, பின்னது எல்லோருக்கும். வெளிநாட்டு ஊழியரின் நிலைமை மொத்தமும் இந்த இரண்டு வரிக்கு நடுவில் இருக்கிறது. வேலைக்குள் நுழைய உங்களுக்கு உரிமை கிடையாது, அது அனுமதி. நுழைந்துவிட்டால், உள்ளூர்க்காரருக்கு உள்ள பாதுகாப்பு உங்களுக்கும் உண்டு.

இரண்டு தீர்ப்புகள் இதை நன்றாகக் காட்டும். 2008இல் டிஸ்கவரி ஹெல்த் வழக்கு. செல்லுபடியாகும் பெர்மிட் இல்லாமல் வேலை பார்த்த ஒரு அர்ஜென்டினாக்காரரை நிறுவனம் வெளியே அனுப்பியது. அவர் தொழிலாளர் சமரச ஆணையத்துக்குப் போனார். பெர்மிட் இல்லாதவர் ஊழியரே அல்ல என்று நிறுவனம் வாதாடியது. பெர்மிட் இல்லை என்பதற்காக அவர் ஊழியர் இல்லை என்று ஆகிவிடாது, ஆணையம் வழக்கை விசாரிக்கலாம் என்று தொழிலாளர் நீதிமன்றம் சொன்னது. 2014ஆம் ஆண்டு வேலைவாய்ப்புச் சேவைகள் சட்டமும், பெர்மிட் இல்லாமல் வேலைக்கு வைக்கப்பட்டவர் முதலாளியிடம் தன் உரிமைகளைக் கேட்கலாம் என்று எழுத்திலேயே வைத்துவிட்டது. மறுபக்கம், 2022 ஆகஸ்டில் அரசியலமைப்பு நீதிமன்றத்தின் ரஃபோனெகே தீர்ப்பு. இங்கேயே சட்டம் படித்துத் தகுதி பெற்ற வெளிநாட்டினர், வழக்கறிஞராகப் பதிவு செய்யக் கேட்டார்கள். குடிமகனாகவோ நிரந்தர வசிப்புரிமை உள்ளவராகவோ இருந்தால்தான் முடியும் என்ற சட்டம் செல்லும் என்றது நீதிமன்றம். 22ஆம் பிரிவு ஒவ்வொரு குடிமகனுக்கும் என்றுதானே சொல்கிறது.

இதில் உங்களை நேரடியாகத் தொடுவது வேலைவாய்ப்புச் சமத்துவச் சட்டத்தின் திருத்தம். 2025 ஜனவரி 1 முதல் நடப்பில் இருக்கிறது. 50 பேரோ அதற்கு மேலோ வைத்திருக்கும் நிறுவனங்களுக்குத் துறைவாரியாக இலக்குகளைத் தொழிலாளர் அமைச்சர் நிர்ணயிக்கலாம். 2025 ஏப்ரலில் 18 துறைகளுக்கு அவை அரசிதழில் வந்தன. இலக்குகள் மேல்நிலை நிர்வாகம், மூத்த நிர்வாகம், தொழில்முறைத் தகுதி பெற்றவர்கள், திறன் பெற்ற தொழில்நுட்ப ஊழியர்கள் என்ற நான்கு மேல் படிகளுக்கு. ஐ.டி. ஆட்கள் உட்கார்ந்திருப்பது இந்தப் படிகளில்தான்.

நிறுவனம் ஆண்டுதோறும் அனுப்பும் அறிக்கைப் படிவத்தை நான் நிரப்புவது எப்படி என்று சொன்னால் விளங்கும். இடது பக்கம் மேலிருந்து கீழாக இந்தப் படிகள். மேலே குறுக்காக ஆண் பெண் பிரித்து ஆப்பிரிக்கர், கலப்பினத்தவர், இந்தியர், வெள்ளையர் என்று கட்டங்கள். கடைசியில் தனியாக வெளிநாட்டினர் என்று ஒரு கட்டம். நீங்கள் எந்தக் கட்டம்? "இந்தியர்" என்று கையைத் தூக்காதீர்கள். அந்தக் கட்டம் இந்த ஊர் இந்திய வம்சாவளியினருக்கு, லெனேசியா நாயுடுவுக்கு, ஃபீனிக்ஸ் கோவெண்டருக்கு. நீங்கள் கடைசிக் கட்டம்.

அதைவிட முக்கியமான சங்கதி ஒன்று உண்டு, பலருக்குத் தெரியாது. நாளைக்கே உங்களுக்கு நிரந்தர வசிப்புரிமை கிடைத்து, பிறகு குடியுரிமையும் கிடைத்து, பச்சைப் பாஸ்போர்ட்டோடு வந்து நின்றாலும் அந்த "இந்தியர்" கட்டத்துக்குள் போக முடியாது. சட்டம் கைதூக்கிவிட நினைக்கும் குழுக்களில் சேர, பிறப்பாலோ வம்சாவளியாலோ குடிமகனாக இருக்க வேண்டும். குடியேறிப் பெற்ற குடியுரிமை என்றால் 1994 ஏப்ரல் 27க்கு முன் பெற்றிருக்க வேண்டும், அல்லது இனஒதுக்கல் ஆட்சி தடுத்திருக்காவிட்டால் அதற்கு முன்பே பெற்றிருப்பார் என்ற நிலை இருக்க வேண்டும். அன்றுதான் முதல் ஜனநாயகத் தேர்தல். ஒதுக்கலால் அடிபட்டவருக்கு ஈடு செய்யும் சட்டம், அடிபடாமல் பின்னால் வந்தவருக்கு அதில் பங்கில்லை. என்னைக் கேட்டால் அதில் அநியாயம் இல்லை. மொத்த நாட்டில் வேலையில்லாதோர் 30 விழுக்காட்டுக்கு மேல் இருக்கும்போது, அறுபதுகளில் சாட்ஸ்வொர்த்துக்குத் துரத்தப்பட்டவரின் பேத்தியும் நேற்று விமானத்தில் இறங்கியவரும் ஒரே கட்டத்தில் வருவது சரியாகவும் இருக்காது. ஆனால் அதன் விளைவை நீங்கள் தெரிந்து வைத்திருக்க வேண்டும்.

விளைவு என்ன? யாரும் உங்களை இதற்காக வேலையை விட்டு எடுக்க மாட்டார்கள், எடுக்கவும் கூடாது. இலக்கை எட்டாத நிறுவனத்துக்கு, நியாயமான காரணமும் சொல்ல முடியாவிட்டால், முதல் தடவையிலேயே 15 லட்சம் ராண்ட் அல்லது விற்றுமுதலில் 2 விழுக்காடு, எது அதிகமோ அது வரை அபராதம் விழலாம். அரசாங்க ஒப்பந்தம் வேண்டுமென்றால் இணக்கச் சான்றிதழும் தேவை. ஆகவே டீம் லீட் பதவி காலியாகும்போது, உங்களுக்கும் இன்னொருவருக்கும் திறமை சமமாக இருந்தால், மேலாளர் யாரைப் போடுவார் என்று நான் சொல்ல வேண்டியதில்லை. இந்தச் சட்டத்தால் விசா ரத்தாகாது. நாற்பது வயதில், நல்ல சம்பளத்தில், அதே நாற்காலியில் இருப்பதுதான் நடக்கும். நிறைய பேர் அந்த வாழ்க்கையை விரும்பி ஏற்றுக்கொள்கிறார்கள். ஜோபர்க் வெயிலும் வீட்டுத் தோட்டமும் நல்ல பள்ளியும் போதும் என்கிறார்கள். ஏறிக்கொண்டே போக வேண்டும் என்ற ஆசை இருப்பவர் கணக்குப் போட வேண்டிய விஷயம் இது.

நீங்கள் கேட்ட ஒதுக்கீடு இதிலிருந்து வேறு. வேலைவாய்ப்புச் சேவைகள் சட்டத்துக்கு ஒரு திருத்த மசோதா பல வருடமாக ஓடிக்கொண்டிருக்கிறது. குறிப்பிட்ட துறைகளில் ஒரு முதலாளி எத்தனை வெளிநாட்டவரை வைத்துக்கொள்ளலாம் என்று உச்ச வரம்பு விதிக்கத் தொழிலாளர் அமைச்சருக்கு அதிகாரம் தரும் மசோதா. தேசியத் தொழிலாளர் குடிபெயர்வுக் கொள்கையோடு சேர்த்து 2025இல் அமைச்சரவை அதற்கு ஒப்புதல் கொடுத்தது. அரசு இதைப் பற்றிப் பேசும்போதெல்லாம் எடுத்த உதாரணங்கள் விவசாயம், ஹோட்டல், கட்டுமானம். லாரி ஓட்டும், உணவகத்தில் பரிமாறும் ஜிம்பாப்வே, மலாவிக்காரர்களைப் பற்றிய அரசியல் அது. கிரிட்டிக்கல் ஸ்கில்ஸ் என்று சொல்லி ஒரு துறை கூப்பிடும் ஆளை இன்னொரு துறை வரம்பு போட்டுத் துரத்துவது சுலபமாக நடக்காது. ஆனாலும் எழுதிக் கொடுக்க மாட்டேன், ஏனென்றால் அதிகாரம் ஒருமுறை சட்டப் புத்தகத்தில் ஏறிவிட்டால் பட்டியலில் எந்தத் துறையைச் சேர்ப்பது என்பது அடுத்த அமைச்சரின் விருப்பம்.

ஒப்பந்தக் காகிதத்தில் ஒரு இடத்தைக் கவனியுங்கள். நிறுவனம் உங்களுக்கு "விசா காலம் வரை" என்று நிலைக்கால ஒப்பந்தம் நீட்டும். அது சட்டப்படி சரிதான். குறிப்பிட்ட காலத்துக்கு வேலை அனுமதி பெற்ற வெளிநாட்டவர் என்பதையே நிலைக்கால ஒப்பந்தத்துக்கு ஏற்ற காரணமாகத் தொழிலாளர் உறவுகள் சட்டம் சொல்கிறது. ஆனால் வசிப்புரிமைக்கு ஐந்து வருடக் கணக்கு காட்டும்போது நிரந்தர வேலைக்கான ஆஃபர் வேண்டும் என்று பார்த்தோம் அல்லவா? ஆகவே "நிரந்தர வேலை, செல்லுபடியாகும் அனுமதி இருக்கும் வரை" என்ற பொருளில் வாசகத்தை மாற்றித் தரக் கேளுங்கள். பெரும்பாலான நிறுவனங்கள் மறுப்பதில்லை. கேட்காதவருக்கு டெம்ப்ளேட்டில் இருப்பதுதான் கிடைக்கும்.

விசா புதுப்பிக்கத் தாமதமாகி ஒருநாள் ஹெச்.ஆர். கூப்பிட்டு "நாளையிலிருந்து வராதீர்கள்" என்றால்? அனுமதி இல்லாதவரைத் தெரிந்தே வைத்திருந்தால் நிறுவனத்துக்கு அபராதமோ சிறையோ உண்டு, அதனால் அவர்கள் பயம் நிஜம். ஆனால் விசாரிக்காமல், பதில் சொல்ல அவகாசம் தராமல், மாற்று வழி பார்க்காமல் அனுப்புவது முறையல்ல. பணிநீக்கம் ஆன 30 நாளுக்குள் சமரச ஆணையத்தில் புகார் கொடுக்க வேண்டும். கட்டணம் கிடையாது, வக்கீலும் தேவையில்லை. நம் ஆட்கள் "நாம் வெளியூர்க்காரர்கள், எதற்கு வம்பு" என்று போகாமலே விட்டுவிடுகிறார்கள், எனக்கு எரிச்சல் வருவது அங்கேதான். ஒரு வருடம் தாண்டியவருக்கு நான்கு வார நோட்டீஸ், ஆட்குறைப்பு என்றால் முடித்த ஒவ்வொரு வருடத்துக்கும் குறைந்தது ஒரு வாரச் சம்பளம், மாதாமாதம் பிடித்த யு.ஐ.எஃப். என்ற வேலையிழப்புக் காப்பீடு, எல்லாமே கேட்டால் கிடைக்கக் கூடியவை. 2018 வரை யு.ஐ.எஃப்.பிலிருந்து ஒப்பந்தம் முடிந்து திரும்ப வேண்டிய வெளிநாட்டினரை ஒதுக்கி வைத்திருந்தார்கள். இப்போது நம் சம்பளத்திலிருந்தும் 1 விழுக்காடு போகிறது.

அப்புறம் ஏஜென்ட். முன்பு குடிவரவு ஆலோசகராகத் தொழில் செய்ய உள்துறையில் பதிவு வேண்டும். 2014 மாற்றத்தோடு அந்தப் பிரிவையே நீக்கிவிட்டார்கள். இன்றைக்கு லேப்டாப்பும் விசிட்டிங் கார்டும் இருந்தால் யாரும் ஆலோசகர். பழைய பெர்மிட்டுகளைத் தோண்டிப் பார்க்க உள்துறை ஒரு குழு போட்டது, காசியஸ் லுபிசி தலைமையில். 2004 முதல் கொடுத்தவற்றில் ஏகப்பட்ட முறைகேடுகளை அது கண்டுபிடித்தது. அதிலிருந்து வசிப்புரிமைக்கு விண்ணப்பிக்கும்போது பழைய விசா எல்லாம் கணினியில் இருக்கிறதா என்று பார்க்கிறார்கள். "உள்ளே ஆள் இருக்கிறார், ஒரே வாரத்தில் ஸ்டிக்கர்" என்பவரிடம் இன்று காசு கொடுத்தால், அது வெடிப்பது ஐந்து வருடம் கழித்து. ஊர்க்காரர், கோவில் கமிட்டிக்காரர் என்பதெல்லாம் தகுதியே அல்ல. வக்கீல் வேண்டுமென்றால் பதிவு பெற்ற வக்கீலிடம் போங்கள்.

மனைவி விஷயம். உங்களோடு வந்தவர் என்ற விசாவில் அவர் வேலை பார்க்கக் கூடாது. வீட்டிலிருந்தே இந்த ஊர் கம்பெனிக்குச் செய்தாலும் அது வேலைதான். ஆனால் 2014 விதிகளே ஒரு ஜன்னலைத் திறந்து வைத்திருக்கின்றன: வேலை விசாவில் இருப்பவரின் துணை, இந்தியாவுக்குத் திரும்பாமல் இங்கிருந்தே தனக்கென்று வேலை விசாவுக்கு விண்ணப்பிக்கலாம். கஷ்டம் புள்ளியில். பட்டத்துக்கு 30, ஆறு வருடத்துக்கு 20, ஆங்கிலத்துக்கு 10, ஆக 60. ஆண்டுக்கு ஆறரை லட்சத்துக்குக் கீழே சம்பளம் என்றால் அதற்குப் புள்ளியே கிடையாது. நடுத்தர வங்கி வேலை அந்தக் கோட்டைத் தாண்டுவது சிரமம், தாண்டினாலும் 80தான். நம்பகமான முதலாளிகள் பட்டியலில் உள்ள வங்கி எடுத்தால், அப்போது முதல் கோட்டைத் தொடாமலே 90, தொட்டால் 110. அவர் வேலை தேடும்போது அந்தப் பட்டியலில் உள்ள நிறுவனங்களை முதலில் வைத்துத் தேடட்டும். உங்களுக்கு நிரந்தர வசிப்புரிமை வந்துவிட்டால் நிலைமை மாறிவிடும், வசிப்புரிமை உள்ளவரின் துணைக்கு வேலை பார்க்கும் அனுமதி வாங்குவது எளிது. ஆகவே இரண்டு பேரின் கணக்கும் உங்கள் ஒருவரின் கோப்பில்தான் தொங்குகிறது.

குடியுரிமை வரை யோசிக்கிறீர்கள் என்றால், இந்தியா இரட்டைக் குடியுரிமை தராது என்பதை மறக்க வேண்டாம். இங்கே வாங்கினால் அங்கே விட வேண்டும், பிறகு ஓ.சி.ஐ. அட்டையோடுதான் கோவைக்குப் போக முடியும். அது தொலைவில் இருக்கும் கேள்வி, அவசரமில்லை.

நம்பி இருக்கலாமா என்று கேட்டீர்கள். விசாவைப் பொறுத்தவரை இருக்கலாம் என்றுதான் சொல்வேன், உங்கள் வகை ஆட்களுக்கு இருபது வருடத்தில் இவ்வளவு தெளிவான விதி இருந்ததில்லை. வளர்ச்சியைப் பொறுத்தவரை, இதே நாற்காலியில் பத்து வருடம் இருக்கச் சம்மதமா என்று வீட்டில் பேசி முடிவெடுங்கள். இந்த வாரம் செய்ய வேண்டியது இவ்வளவுதான்: சாக்வா மதிப்பீட்டுக்குச் சான்றிதழ்களை அனுப்பிவிட்டு, அந்த ஆஃபர் கடிதத்தில் பதவிப் பெயர் என்ன போட்டிருக்கிறார்கள், நிறுவனம் நம்பகமான முதலாளிகள் பட்டியலில் இருக்கிறதா என்று கேட்டு எழுதுங்கள். அந்த இரண்டும் தெரியாமல் இதற்கு மேல் நான் ஏதாவது சொன்னால் அது ஜோசியம்.